ஊசிக்குப் பிறகு வந்தது, ஊசியால் வந்ததா?

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி இறந்துவிட்டார். மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் ஆய்வுக்குழு பின்னர் அறிவித்தது. ஆனால் அதற்குள் தமிழ்நாடு முழுவதும் அச்சம் பரவிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டுடன் எழுத்தறிவில் மாநிலத்தின் முதலிடம் பெற்ற குமரி மாவட்டத்திலும் ஊசிக்கு அஞ்சியவர்கள் இருந்தார்கள். படிக்காதவர்களின் பயம் என்று இதை ஒதுக்குவது தவறு.

இந்தியாவில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குச் சுமார் ஏழு பேர் இறக்கிறார்கள். அப்படியானால் எந்தப் பத்து லட்சம் பேரை எடுத்துக்கொண்டாலும், எந்த ஊசியும் போடாமலே, இரண்டு நாளில் ஏறத்தாழ 38 பேர் இறப்பார்கள். முதியவர்களை மட்டும் எடுத்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். அந்த ஏப்ரலில் நாட்டில் போடப்பட்ட ஊசிகள் பத்துக் கோடியைத் தாண்டியிருந்தன. ஊசி போட்ட மறுநாள் நிகழும் மரணம் ஏதோ ஓர் ஊரில் நடந்தே தீரும். அந்த ஊருக்கு அதுதான் சான்றாகத் தோன்றும்.

தற்செயலையும் காரணத்தையும் பிரிக்க, போட்டவர்களிடையே ஒரு பாதிப்பு வழக்கமான அளவைவிட மிகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அஸ்ட்ராஜெனகா ஊசி மிக அரிதாக இரத்தம் உறையச் செய்வது ஐரோப்பாவில் இப்படித்தான் தெரியவந்தது. நம் ஊர்களில் போட்ட கோவிஷீல்டும் அதே ஊசிதான். அந்த அரிய ஆபத்தை மறைக்காமல் சொல்வதுதான் நம்பிக்கையை வளர்க்கும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல் மனத்தின் கணக்கில் இருக்கிறது. நாம் செய்ததால் வரும் கேடு, செய்யாமல் விட்டதால் வரும் கேட்டைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இலானா ரிடோவ், ஜொனாதன் பேரன் இருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், ஊசியின் ஆபத்து நோயின் ஆபத்தைவிடக் குறைவு என்று சொல்லியும் பலர் குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்றார்கள்.

குமரிப் பகுதியை அன்று ஆண்ட திருவிதாங்கூர் அரசு இந்தத் தயக்கத்தை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தது. ராணி கௌரி லட்சுமி பாய் காலத்தில் அம்மை குத்துவதற்கு மக்கள் அஞ்சியபோது, முதலில் அரச குடும்பத்தினரே குத்திக்கொண்டார்கள்.

ஆனாலும் பயம் மட்டுமே காரணமில்லை. குமரிக் கடற்கரையில் தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் தங்குகடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. முகாம் நடக்கும் நாளில் அவர்கள் ஆழ்கடலில் இருக்கலாம். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு ஊசிக் காய்ச்சல் என்றால் ஒரு நாள் கூலி இழப்பு. வளைகுடா வேலைக்குக் காத்திருந்த இளைஞருக்கோ கோவிஷீல்டுதான் வேண்டியிருந்தது; கோவேக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் 2021 நவம்பரில்தான் கிடைத்தது. ஒரே மாவட்டத்தில் ஒரே ஊசிக்கு இத்தனை விதமான பதில்கள் வந்ததில் வியப்பில்லை.

மாநில அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் மாபெரும் முகாம்களை நடத்தியது. இறைச்சி சாப்பிடுவோரும் மது அருந்துவோரும் அந்த நாளில் ஊசியைத் தவிர்க்கிறார்கள் என்று தெரிந்ததும், 2021 அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது.