நூறு கிலோமீட்டர் நடையும் ஒரு கட்டைவிரலும்

நவம்பர் கடைசியில் என் கிளினிக்கில் கூட்டம் சேரும். ஹாங்காங்கில் அது, நன்கொடை திரட்டுவதற்காக நடக்கும் டிரெயில்வாக்கர் நடை முடிந்த நேரம். 4 பேர் ஓர் அணி, 100 கிலோமீட்டர் மலைப்பாதை, 48 மணி நேரக் கெடு. முடித்துவிட்டு வருகிறவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், இல்லையென்றால் பாதம் நிறையக் கொப்புளத்தோடு வருவார்கள். அதெல்லாம் எதிர்பார்ப்பதுதான். ஆனால் இயன்முறை மருத்துவராக நான் இங்கே பார்த்ததில், ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று பேராவது கைவலியோடு வருகிறார்கள். நடந்தது கால், வலிப்பது கை. காரணம், நடைக்குச்சி.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கும்பகோணம் பக்கத்துப் பெண்மணி, இங்கே ஒரு அலுவலகத்தில் வேலை, வயது நாற்பதை ஒட்டி இருக்கும். நடை முடிந்து 12 நாள் கழித்து, முட்டி வலி என்று வந்தார். முட்டியைப் பார்த்து முடித்தேன், பெரிதாக ஒன்றுமில்லை. கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலை எடுத்து, வலது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு இடது கையால் மூடியைத் திருகினார். சற்று முன் படிவத்தில் வலது கையால்தான் கையெழுத்துப் போட்டிருந்தார், அதுவும் பேனாவை விரல்களுக்கு நடுவில் செருகிப் பிடித்தபடி.

“வலது கைக்கு என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல டாக்டர், லேசா சுளுக்கு. தானா சரியாயிடும்.”

கையை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரலின் அடிமூட்டில், ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கம் வீக்கம், மஞ்சளித்துப்போன பழைய ரத்தக்கட்டு. ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்கச் சொல்லி மெதுவாக இழுத்தேன். பிடிமானமே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தது. அந்த மூட்டின் உட்பக்கம் எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார், அதாவது லிகமென்ட், அறுந்திருந்தது. பனிச்சறுக்குக்காரர்களுக்கு அடிக்கடி வருவதால் இதற்கு ‘ஸ்கீயர்ஸ் தம்ப்’ என்று பெயர். குச்சி கையில் மாட்டியிருக்கும்போதே கீழே விழுந்தால், கைப்பிடி நெம்புகோல் மாதிரி கட்டைவிரலை வெளிப்பக்கமாகப் பிளந்துவிடும்.

நீடில் ஹில் இறக்கத்தில் விழுந்தாராம். 532 மீட்டர் உயரம்தான், ஆனால் பெயருக்கு ஏற்ற ஊசி மலை. பாதையின் 7-ஆம் பகுதியில் வருகிறது. அங்கே வந்து சேரும்போது ஏற்கெனவே 62 கிலோமீட்டர் கடந்திருக்கும். ராத்திரி, பனி ஈரம், கற்படிகள், தூக்கமில்லாத கண்கள். இரண்டு மணிக்கட்டிலும் குச்சியின் வார் இறுக்கமாக மாட்டியிருந்தது. கால் வழுக்கியதும் கை தரையைத் தேடியது, ஆனால் குச்சி கையை விடவில்லை. அதற்குப் பிறகு மிச்சமிருந்த முப்பது கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தை அந்தக் கையோடுதான் நடந்திருக்கிறார்.

“கூட வந்தவங்ககிட்ட ஏம்மா சொல்லல?”

“எத்தனை பேர் பணம் கொடுத்திருக்காங்க டாக்டர்! ஆபீஸ்ல, அபார்ட்மென்ட்ல, ஊர்லேர்ந்து எங்க சித்தப்பாகூட அனுப்பினார். என்னால டீம் நின்னுபோச்சுன்னு ஆயிடக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சிட்டு நடந்துட்டேன்.”

அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிரெயில்வாக்கர் முதலில் பொதுமக்களுக்கான நிகழ்ச்சியே இல்லை. 1981-ல் ஹாங்காங்கில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா சிக்னல் படைப்பிரிவு, தன் வீரர்களுக்குப் பயிற்சியாகத் தொடங்கியது. இந்த நடை போகும் மெக்லஹோஸ் பாதை திறந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. 1986-ல் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டார்கள், வறுமை ஒழிப்புக்காக உழைக்கும் ஆக்ஸ்பாம் அமைப்பும் கைகோத்தது. பிறகு பல நாடுகளுக்குப் பரவி, பெங்களூருவிலும் நடந்திருக்கிறது. கூர்க்காக்கள் நேபாள மலைகளில் சுமை தூக்கி வளர்ந்தவர்கள். நாம் வாரத்தில் 5 நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, அவர்களுடைய பயிற்சிப் பாதையில் ஏறுகிறோம். ஏறக்கூடாது என்று சொல்லவில்லை. அதற்கான தயாரிப்பு வேண்டும், அந்தத் தயாரிப்பில் காலோடு கையும் சேரவேண்டும்.

குச்சியில் இரண்டு வகை இருப்பதே பலருக்குத் தெரியாது. மலையேற்றத்துக்கான டிரெக்கிங் குச்சி ஒன்று. அதன் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம், பொதுவாக உடம்புக்கு முன்னால் ஊன்றுவோம். நார்டிக் குச்சி வேறு. பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்கள் பனியில்லாத கோடையிலும் உடம்பு தளராமல் இருக்கக் குச்சியோடு நடந்த பழக்கத்திலிருந்து வந்தது அது. 1997-ல் அதற்கென்றே தனிக் குச்சி ‘நார்டிக்’ என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது. விரல் வெட்டிய கையுறை மாதிரி ஒரு வார் இருக்கும். குச்சியை முன்னால் செங்குத்தாக ஊன்றக்கூடாது. முனை பின்பக்கம் சாய்ந்தபடி, இரண்டு பாதங்களுக்கும் நடுவில் எங்கோ விழவேண்டும். வலது கால் முன்னே போகும்போது இடது கை முன்னே. கை இடுப்பைத் தாண்டிப் பின்னால் போகிறவரை தள்ளி, கடைசியில் உள்ளங்கையை விரித்துவிட வேண்டும். வார் பிடித்துக்கொள்ளும். அடுத்த வீச்சில் குச்சி தானாகக் கைக்குள் வந்துவிடும். தள்ளுவதும் விடுவதும்தான் இதன் உயிர். புதிதாகப் பிடிக்கிறவர்கள் தள்ளுகிறார்கள், ஆனால் விடுவதில்லை. 10 மணி நேரம் இறுக்கிப் பிடித்தால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும், முழங்கையின் வெளிப்பக்கம் வலி பிடித்துக்கொள்ளும்.

நீளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் உயரத்தை 0.68-ஆல் பெருக்குங்கள். 165 சென்டிமீட்டர் உயரமென்றால் 112 வரும், 110 அளவுக் குச்சி போதும். ஊன்றி நிற்கும்போது முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கியிருக்கட்டும். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் குட்டையானதையே எடுங்கள். நீளமான குச்சி தோளைத் தூக்கியபடியே வைத்திருக்கும், மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாது.

“குச்சி வெச்சா முட்டிக்கு நல்லதுதானே?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். இறக்கத்தில் நல்லது, அதில் சந்தேகமில்லை. சரியாக ஊன்றினால் முட்டியில் விழும் பாரத்தில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். சமதரையில் பெரிதாகக் குறையும் என்று விளம்பரங்கள் சொல்வதை ஆய்வுகள் ஒரே குரலில் ஆமோதிக்கவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். நார்டிக் நடையில் தோள், முதுகு, கை எல்லாம் வேலை செய்வதால், அதே வேகத்தில் இதயம் கூடுதலாக உழைக்கும். உடற்பயிற்சிக்கு அது லாபம். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தங்கள் மருத்துவரிடம் 100 கிலோமீட்டர் என்பதையும் குச்சியோடு என்பதையும் சேர்த்தே சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள்.

சரி, மெக்லஹோஸ் பாதைக்கு எந்தக் குச்சி? முதல் பகுதி ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ரோடு. கடைசிப் பகுதி 15.6 கிலோமீட்டர், பத்துப் பகுதிகளில் இதுதான் நீளம். அதில் பெரும்பாலும் கால்வாயோரச் சமதளம். இந்த இரண்டிலும் நார்டிக் நடை அருமையாக வரும், களைத்த உடம்பைத் தாளத்தோடு இழுத்துக்கொண்டு போகும். நடுவில் இருப்பதோ மா ஆன் ஷான், நீடில் ஹில், 957 மீட்டர் தை மோ ஷான். அங்கே பல இடங்களில் கற்படியும் பாறையும்தான். நிலைத்த நீளமும் கையுறை வாரும் உள்ள குச்சி அந்த இடங்களில் இடைஞ்சல். என் யோசனை, நீளம் மாற்றக்கூடிய டிரெக்கிங் குச்சியை எடுத்துக்கொண்டு, சமதளத்தில் நார்டிக் முறையில் தள்ளி நடக்கப் பழகுவது. கையை விரித்து விடும் சுகம் முழுசாகக் கிடைக்காது, பரவாயில்லை. நார்டிக் குச்சிதான் வேண்டுமென்றால், வாரை ஒரே அழுத்தில் கழற்றும் வகை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

எந்தக் குச்சியானாலும் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். படியும் பாறையுமான இறக்கம் வந்ததும் கையை வாரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். விழுந்தால் குச்சி ஒரு பக்கம் போகட்டும், கை காலியாகத் தரைக்கு வரட்டும். குச்சி மலையிலிருந்து உருண்டு போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பெண்மணியின் லிகமென்டின் அறுந்த முனை விலகிப்போய், வேறொரு திசு நடுவில் புகுந்திருந்தது. அப்படி ஆனால் கட்டுப் போட்டு வைத்தாலும் தானாக ஒட்டாது. அறுவை சிகிச்சை, பிறகு கட்டு, பிறகு என்னிடம் பயிற்சி. சாவியைத் திருப்பவும் இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்கவும் அவருக்கு 4 மாதம் ஆனது. விழுந்த அன்றே சொல்லியிருந்தால், கட்டைவிரலை அசையாமல் ஒட்டுப்பட்டை போட்டு, அடுத்த சோதனை நிலையத்தில் இறக்கி அனுப்பியிருப்பார்கள். மேலும் முப்பது கிலோமீட்டர் அந்தக் கையால் ஊன்றியிருக்க மாட்டார்.

சின்ன விஷயம் ஒன்று. குச்சியின் உலோக முனை மண்ணுக்கும் புல்லுக்கும்தான். சிமென்ட்டில் வழுக்கும், அதற்கு ரப்பர் மூடி வேண்டும். அந்த மூடி நடுவழியில் கழன்று விழும், ஒரு ஜோடி உபரியாகப் பையில் இருக்கட்டும்.

குச்சியை நடைக்கு முந்தின வாரம் வாங்காதீர்கள். குறைந்தது 6 வாரமாவது கையில் பழகட்டும். வாரக் கடைசியில் அடுத்தடுத்த இரண்டு நாளும் நடங்கள். ஒருமுறையாவது ராத்திரி முழுக்க நடந்து பாருங்கள், அதுவும் 4 பேரும் சேர்ந்து. தனித்தனியாகப் பயிற்சி எடுத்துவிட்டு நடையன்று சேரும் அணிகளை நான் பார்த்திருக்கிறேன். பாதி வழியிலேயே இரண்டு பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால் என்று பிரிந்துவிடுவார்கள். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவர் வேகம்தான் அணியின் வேகம். பின்னால் விட்டால் அவர் ஓடிப் பிடித்துக்கொண்டே இருப்பார், நீங்கள் நின்று மூச்சு வாங்கும் இடத்தில் அவருக்கு ஓய்வே கிடைக்காது.

அணியில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒவ்வொரு சோதனை நிலையத்திலும் 4 பேரும் வாய்விட்டுச் சொல்லவேண்டும்: கால், கை, வயிறு, தலை. “நல்லா இருக்கேன்” என்ற பதில் செல்லாது. பாதத்தில் எங்கே சூடாக உரசுகிறது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, விரல் மரத்திருக்கிறதா என்று குறிப்பாகச் சொல்லவேண்டும். உரசல் தெரிந்த நிமிஷமே நின்று ஒட்டுப்பட்டை போட்டால் 5 நிமிஷம்தான். கொப்புளமான பிறகு மிச்ச வழி முழுக்க அவஸ்தை.

தண்ணீர் விஷயத்தில் நாம் குழந்தையிலிருந்து கேட்ட அறிவுரை இங்கே ஆபத்தாகலாம். மணிக்கணக்கில் நடக்கும்போது, தாகம் இல்லாமலே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், குழப்பமான பேச்சு, விரல்கள் உப்பி மோதிரம் இறுகுவது எல்லாம் அதன் அறிகுறிகள். சோர்வு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும், வலிப்புவரை போகும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்புள்ள உணவும் சேரட்டும். வலி மாத்திரையும் அப்படித்தான். ஐபுப்ரோஃபன், டைக்லோஃபெனாக் வகை மாத்திரைகளை நடக்கும்போது போடாதீர்கள். களைத்த உடம்பில் சிறுநீரகத்துக்கு அது பெரிய சுமை, உப்பு இறங்குவதையும் கூட்டும். மாத்திரை போட்டால்தான் நடக்க முடியும் என்ற நிலை வந்தால், அங்கேயே நிற்பதுதான் சரி.

நிற்பது என்றதும் எல்லோருக்கும் பணம் கொடுத்தவர்களின் முகம் ஞாபகம் வருகிறது. அந்தப் பெண்மணியின் சித்தப்பா அனுப்பிய பணம், அவர் 62-ஆவது கிலோமீட்டரில் நின்றிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்கும். நன்கொடை கேட்கும்போதே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: “முடிந்தவரை நடப்பேன், உடம்பு ஒத்துழைக்காவிட்டால் நின்றுவிடுவேன்.” இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் குறைத்த ஒருவரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. அணித் தலைவர் முதல் பயிற்சி நாளிலேயே இதை 4 பேரிடமும் சொல்லிவிட வேண்டும். ராத்திரி 2 மணிக்கு மலை உச்சியில் அதை யோசிக்கும் தெளிவு யாருக்கும் இருக்காது.

நடை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் சிலவற்றைக் கவனியுங்கள். சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால், ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால், நேராக மருத்துவமனைதான், என்னிடம் வரவேண்டாம். அப்புறம், விழுந்திருந்தால் அந்தக் காகிதச் சோதனையைச் செய்து பாருங்கள். காகிதம் உருவிக்கொண்டு வந்தால் அந்த வாரமே கையைக் காட்டிவிடுங்கள்.

அடுத்த வருஷம் அந்தப் பெண்மணி நடக்கவில்லை. தன் பழைய அணிக்கு உதவியாளராக, ஷிங் முன் நீர்த்தேக்கத்துப் பக்கம், நீடில் ஹில் ஏற்றத்துக்கு முன்னால், தயிர்சாதத்தோடு காத்திருந்தார். அங்கே குரங்குகள் அதிகம், பிளாஸ்டிக் பையைக் கண்டால் பறித்துவிடும். அதனால் டிபன் கேரியரை மடியில் அணைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அணி வந்து சேர்ந்ததும் பசியோடு டப்பாவுக்கு நீட்டிய கைகளைத் தடுத்து, “இருங்க, முதல்ல கையைக் காட்டுங்க” என்று ஒவ்வொரு கட்டைவிரலையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, 8 வார்களையும் தானே தளர்த்திவிட்டு, அதற்குப் பிறகுதான் மூடியைத் திறந்தாராம். வலது கையால்.