கிளாஸ்கோவில் ஒரு வாக்கு 0.33291 ஆவது எப்படி?

2003 தேர்தலில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரசபையின் 79 இடங்களில் 71 லேபர் கட்சிக்குப் போயின. ஆனால் அக்கட்சி வாங்கிய வாக்கு பாதியைக்கூடத் தொடவில்லை. 2007இல் அதே 79 இடங்களில் லேபருக்குக் கிடைத்தவை 45. வாக்கு கொஞ்சம் சரிந்தது உண்மைதான். ஆனால் 26 இடம் கைநழுவியதற்கு முக்கியக் காரணம், வாக்கை எண்ணும் முறை மாறியதுதான். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2004இல் இயற்றிய சட்டப்படி, அங்குள்ள 32 உள்ளாட்சி மன்றங்களும், வேட்பாளர்களை விருப்ப வரிசையில் எண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒற்றை மாற்று வாக்கு முறைக்கு வந்தன. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதும் இதே குடும்பத்து முறையில்தான்.

இன்று கிளாஸ்கோவில் 23 வார்டுகள், 85 கவுன்சிலர்கள். வார்டு ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு பேர். வாக்குச்சீட்டில் வேட்பாளர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் இருப்பார்கள். பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று எழுதிக்கொண்டே போகலாம். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

கணக்கு கோட்டாவில், அதாவது வெல்வதற்கு எட்ட வேண்டிய வாக்கு எண்ணிக்கையில், தொடங்குகிறது. செல்லுபடியான வாக்குகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, 1 சேர்க்க வேண்டும். நான்கு இடமுள்ள ஒரு வார்டில் 8,000 வாக்குகள் என்று வைத்துக்கொள்வோம். 8,000ஐ ஐந்தால் வகுத்தால் 1,600, கோட்டா 1,601. ஐந்து பேர் ஒரே சமயத்தில் எட்ட முடியாத மிகச் சிறிய எண் இது.

முதல் சுற்றில் ‘அ’ என்பவருக்கு 2,400 வாக்குகள். அவர் வென்றுவிட்டார், உபரி 799. இந்த உபரியை யாருக்குக் கொடுப்பது? 2,400 சீட்டில் எந்த 799ஐ எடுப்பது என்ற தகராறே வராமல், 2,400 சீட்டுகளும் அடுத்தவருக்கு நகர்கின்றன, ஆனால் மதிப்பு குறைந்து. 799ஐ 2,400ஆல் வகுத்து ஐந்து தசம இடத்தோடு வெட்டினால் 0.33291. அந்தச் சீட்டுகளில் 1,500இல் ‘ஆ’வுக்கு 2 இருந்தால் அவருக்கு 499.365 வாக்கு சேரும். இன்னொரு 400 சீட்டு ‘இ’க்கு என்றால் அவருக்கு 133.164. மீதி 500 சீட்டில் 2 என்று எதுவுமே இல்லாவிட்டால் 166.455 வாக்கு யாருக்கும் போகாமல் கரைந்துவிடும். வெட்டியதில் 0.016 காணாமல் போகும். அதையும் முடிவுத் தாளில் தனி வரியாகக் காட்டுகிறார்கள்.

இனிதான் சுவாரசியம். ‘ஆ’ கையில் ஏற்கெனவே 1,250 வாக்கு இருந்தது. இப்போது 1,749.365. அவரும் வென்றார், உபரி 148.365. ஸ்காட்லாந்து விதிப்படி அவரிடமுள்ள 2,750 சீட்டுகளையும் மறுபடி பார்க்க வேண்டும். நேரடியாக அவருக்கு வந்த சீட்டு ஒவ்வொன்றும் 0.08481 மதிப்போடு நகரும்; ‘அ’ வழியாக வந்தது 0.02823 மதிப்போடு. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் இதே நிலை வந்தால், கடைசியாக வந்த 1,500 சீட்டுக் கட்டை மட்டுமே பிரிப்பார்கள். ‘ஆ’வுக்கு 1 போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். அங்கே கையால் எண்ணுவதால் இந்தச் சுருக்கம் தேவைப்படுகிறது. ஸ்காட்லாந்தின் முறை நியாயமானது. கையால் செய்தால் மாளாது. அதனால்தான் முதல் தேர்தலிலிருந்தே ஸ்கேனர்.

உபரி தீர்ந்தும் இடம் மிச்சமிருந்தால், கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் கையிலிருக்கும் மதிப்போடு அப்படியே அடுத்தவருக்குப் போகும். ஏற்கெனவே வென்றவரையும் நீக்கப்பட்டவரையும் தாண்டிக் குதிக்கும். பல சீட்டுகள் நடுவழியில் தீர்ந்துபோகும். கோட்டா மட்டும் குறையாது. எனவே கடைசி இடத்தைப் பிடிப்பவர் பெரும்பாலும் கோட்டாவைத் தொடாமலேயே, எஞ்சியிருந்தவர் என்ற கணக்கில் வெல்கிறார்.

வாக்குப்பதிவு வியாழன் காலை 7 முதல் இரவு 10 வரை. எண்ணிக்கை மறுநாள். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள சீட்டுகள், வாக்குச்சாவடி அதிகாரி எழுதிக்கொடுத்த கணக்கோடு ஒப்பிடப்படும். மடிப்பு நீக்கி ஸ்கேனரில் விடுவார்கள். 1ஆ 7ஆ என்று இயந்திரம் தடுமாறும் சீட்டின் படம் திரைக்கு வரும். ஊழியர் முடிவு செய்வார், அவருக்கும் சந்தேகம் என்றால் தேர்தல் அதிகாரியிடம் போகும். கட்சி ஏஜென்டுகள் அந்தத் திரையைத்தான் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். இயந்திரத்துக்குள் நடக்கும் கூட்டல் கழித்தலை யாரும் நேரில் பார்க்க முடியாது என்ற குறை நியாயமானது. அதற்காகவே சுற்றுவாரியான எண்கள் முழுவதும் வெளியிடப்படுகின்றன. வேண்டுமென்றால் உட்கார்ந்து சரிபார்க்கலாம்.

செல்லாத வாக்குகள் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு இரண்டை ஒட்டியே இருக்கின்றன. பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு எக்ஸ் போடுவதும், இரண்டு பேருக்கு 1 போடுவதும்தான் பெரும்பங்கு. ஒரே ஒரு எக்ஸ் மட்டும் இருந்தால் அது 1 என்றே கொள்ளப்படும். 1, 2, 4 என்று தாண்டி எழுதினால் 2 வரை செல்லும், அதோடு சரி. 2 போட்டால் 1 போட்டவருக்குப் பாதகம் என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. முதல் ஆள் வெல்லும்வரை அல்லது நீக்கப்படும்வரை இரண்டாவது எண்ணை யாரும் தொடுவதில்லை.

கட்சிகளுக்குத் தலைவலி வேறு. ஒரே கட்சியின் இருவர் நின்றால், அகர வரிசையில் மேலே இருப்பவருக்கே பெரும்பாலும் 1 விழுகிறது. கீழே இருப்பவர் சுற்றுகளுக்கு நடுவே முன்னதாகவே நீக்கப்பட்டு, இரண்டு இடத்துக்குப் போதுமான வாக்கு இருந்தும் ஓர் இடம் போய்விடலாம். இதைச் சமாளிக்க வார்டை இரண்டாகப் பிரித்து, இந்தத் தெருக்களுக்கு ‘இவருக்கு 1, அவருக்கு 2’, அந்தத் தெருக்களுக்கு நேர்மாறாக என்று துண்டறிக்கை கொடுப்பார்கள். பேராசைப்பட்டு மூன்று பேரை நிறுத்தினால் வாக்கு சிதறும். பயந்து ஒருவரை நிறுத்தினால் உபரி எதிர்முகாமுக்கு ஓடும். 2022இல் எஸ்.என்.பி. (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) 37, லேபர் 36, பசுமைக் கட்சி 10, கன்சர்வேடிவ் 2 என்று முடிந்த நகரத்தில், ஒரு வார்டில் செய்த தப்புக்கணக்கே யார் பெரிய கட்சி என்பதை மாற்றிவிடும்.

இடைத்தேர்தலில், வாக்குக்கேற்ற இடம் என்ற இந்த நியாயம் தலைகீழாகிறது. ஒரே இடம், ஆனால் முழு வார்டும் வாக்களிக்கும். கோட்டா பாதிக்கு மேல். நான்காவது இடத்தில் தட்டுத்தடுமாறி வென்ற கட்சியின் கவுன்சிலர் விலகினால், அந்த இடம் பெரும்பாலும் வார்டின் பெரிய கட்சிக்கே போகும்.

அடுத்த பொதுத் தேர்தல் 2027 மே மாதம். 16 வயது நிரம்பியிருந்தால் போதும். இந்திய, இலங்கைக் குடிமக்களும் சட்டப்படியான விசாவில் அங்கே வசித்தால், மாணவர் விசா உட்பட, வாக்களிக்கலாம். வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாள அட்டை கேட்கமாட்டார்கள். ஆனால் வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பெயரைப் பதிந்திருக்க வேண்டும். வீடு மாறியவர்கள் புது முகவரியில் மறுபடி பதிய வேண்டும்.