காளானைக் கண்டதும் வெள்ளணு ஏன் விழித்துக்கொள்கிறது?

ஷிடாக்கே, ரெய்ஷி, டர்க்கி டெயில் என்று மருந்துக் காளான்கள் பல உண்டு. நோய் எதிர்ப்பைப் பொறுத்தவரை அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது செல்சுவரிலுள்ள பீட்டா குளுக்கானைத்தான். நம்மூர் சிப்பிக் காளானிலும் அது இருக்கிறது.

அரிசி ஸ்டார்ச்சைப் போல இதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான், ஆனால் கண்ணிகள் இணைந்திருக்கும் விதம் வேறு. அதை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. நம் செல்கள் அதைத் தயாரிப்பதும் இல்லை. அதனால் பீட்டா குளுக்கான் தட்டுப்பட்டாலே பூஞ்சை நுழைந்துவிட்டது என்று வெள்ளணுக்கள் எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் மேல் இருக்கும் டெக்டின்-1 என்ற ஏற்பி (பீட்டா குளுக்கானைப் பற்றுவது இதுதான் என்று 2001-ல் தெரிந்தது) அதைப் பற்றிக்கொண்டதும், செல் விழுங்கத் தயாராகி, சைட்டோகைன்கள் என்ற செய்திப் புரதங்களைச் சுரந்து மற்ற அணுக்களை அழைக்கிறது. கிருமியே இல்லாமல் நடக்கும் ஒத்திகை இது.

ஷிடாக்கேயிலிருந்து பிரித்த லென்டினான் என்ற பீட்டா குளுக்கான் ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய்க்குத் துணைமருந்தானது. ஆனால் அது ஊசி. அந்தப் பலனைக் காட்டி கேப்ஸ்யூல் விற்பது நியாயமில்லை. சாப்பிட்டுப் பார்த்த ஆய்வும் உண்டு: தினமும் 5 அல்லது 10 கிராம் உலர்ந்த ஷிடாக்கேயை 4 வாரம் சமைத்துச் சாப்பிட்டவர்களிடம் காமா-டெல்டா டி செல்கள் என்ற ஒருவகை வெள்ளணுக்கள் கூடின. சளி, காய்ச்சல் குறையுமா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை.

பொடி வாங்கினால் லேபிளில் ‘பாலிசாக்கரைடு’ சதவீதத்தை நம்பாதீர்கள். ஸ்டார்ச்சும் அந்தக் கணக்கில் சேரும். தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழையைத் தானியத்தோடு சேர்த்தே அரைத்து விற்பதுண்டு. அரை டீஸ்பூன் பொடியை ஒரு கப் நீரில் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறியபின் சில சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். கருநீலமானால் ஸ்டார்ச் இருக்கிறது. சூடாக இருக்கும்போது விட்டால் நிறம் தெரியாது. ஸ்டார்ச்சை உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருந்தால் இந்தச் சோதனைக்குப் பிடிபடாமலும் போகலாம்.

ஷிடாக்கேயை அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது. ஓரிரு நாளில் சிலருக்கு முதுகிலும் வயிற்றிலும் சாட்டையால் அடித்ததுபோல் சிவந்த கோடுகள் அரிப்போடு கிளம்பும். காரணம் அதே லென்டினான் என்றே கருதப்படுகிறது. முழுதாக வேகவைத்தால் பெரும்பாலும் வராது.

உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் பொடிகளை டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் ரெய்ஷியைத் தவிர்ப்பது நல்லது, ரத்தக்கசிவு கூடலாம்.