தாது வருஷத்தில் மழை எங்கே போனது, சோறு எங்கே போனது?

சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை 1877-78இல் வெட்டியவர்கள், பிழைப்புத் தேடி வந்த பஞ்சத்துக் கூலிகள். பாட்டிமார் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்பார்களே, அதுதான். இந்தியாவில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள்.

முதலில் வானம். 1876இல் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் ஏமாற்றின. அடுத்த ஆண்டு வலுவான எல் நினோ. வழக்கமாகக் கிழக்கிலிருந்து வீசும் காற்று, பசிபிக்கின் சூடான நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளி வைத்திருக்கும். அங்கே காற்று மேலெழுந்து மேகம் திரளும். அந்தக் காற்று சோர்ந்தால் சூடான நீர் நடுக்கடலுக்கு நகரும், மேகம் திரளும் இடமும் கூடவே போய்விடும். இதுதான் எல் நினோ. நம் பக்கமோ காற்று மேலிருந்து கீழே இறங்கும். இறங்க இறங்கச் சூடேறி உலரும் காற்றில் மழை எப்படி வரும்? அந்த ஆண்டு காற்றழுத்தம் வழக்கத்துக்கு மாறாகக் கூடியிருந்ததை வானிலைத் துறைத் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு கவனித்தார். காரணம் பிடிபடவில்லை. சூரியப் புள்ளிகள்மேல் பழி போட்டவர்களும் உண்டு.

ஆனால் எல்லாவற்றையும் எல் நினோ தலையில் கட்டிவிட முடியாது. எல் நினோ வந்தால் தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் நன்றாகவே பெய்யும். 1876க்கு முந்தைய சில ஆண்டுகள் பசிபிக் குளிர்ந்து கிடந்தது. அந்த ஆண்டு மழை தவறியதில் அதற்கும் பங்கிருக்கலாம்.

சரி, மழை இல்லை. சோறு எங்கே போனது? மற்ற மாகாணங்களில் தானியம் இருந்தது, ரயிலும் ஓடியது. ஆனால் ரயிலுக்குப் பசி தெரியாது, விலைதான் தெரியும். அதிக விலை கிடைத்த ஊருக்கே மூட்டைகள் போயின. கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. வயல் காய்ந்ததும் விவசாயக் கூலிக்கு வேலை போனது. அரிசி விலை ஏறியதும் சேலை வாங்க ஆளில்லாமல் நெசவாளர் தறியும் நின்றது. அவர் வயலில் எதுவும் காயவில்லை. அவருக்கு வயலே கிடையாது. சந்தையில் அரிசி இருக்கிறதா என்பதைவிட, அதை வாங்க ஒருவருக்கு வழியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னின் விளக்கம் இவருக்கு அப்படியே பொருந்தும்.

நிவாரண வேலைக்கான கூலியும் அப்படித்தான். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியத்தின் விலையும் ஒரு அணாவும் போதும் என்று 1877இல் குறைத்தார், பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். சிறைக் கைதிக்குக்கூட இதைவிட அதிகம் என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதம் கழித்துத்தான் கூலி ஏறியது.