கார்பெட் கிராஸிங்: நாற்காலியோடு கட்சி மாறும் நைஜீரிய கவர்னர்கள்

நைஜீரிய அரசியல் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு 'கார்பெட் கிராஸிங்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். நேர்ப்பொருள் கம்பளத்தைக் கடப்பது. ஒரு கட்சியில் இருந்தவர் எதிர்க்கட்சியில் போய்ச் சேர்ந்தார் என்பதைத்தான் அங்கே இப்படிச் சொல்கிறார்கள். தமிழில் இதற்கு நாம் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை, 'கட்சித் தாவல்' கையிலேயே இருக்கிறது. ஆனால் அதை அப்படியே போட்டால் ஒரு சிக்கல் வரும். அதற்கு முன் கம்பளம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எதிரெதிர் வரிசையில் உட்காரும். நடுவில் விரிந்திருக்கும் கம்பளத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள். இரண்டு வாள் நீளத்துக்கு மேல் இடைவெளி விட்டுப் போட்ட கோடுகள் என்று சொல்வார்கள். அது பிற்காலக் கதையாகவும் இருக்கலாம். கட்சி மாறும் உறுப்பினர் அந்த இடைவெளியைக் கடந்து எதிர்வரிசைக்குப் போய் உட்கார வேண்டும். அதனால் ஆங்கிலேயர்கள் 'தரையைக் கடந்தார்' என்றார்கள். நைஜீரியர்கள் தரையை விட்டுவிட்டு அதன்மேல் கிடந்த கம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்நாட்டு அரசியல் வரலாற்றில் இந்தச் சொல் இபாடான் நகரோடு ஒட்டிக்கொண்டது. 1951 தேர்தலுக்குப் பிறகு மேற்குப் பிராந்திய சட்டமன்றம் அங்கே கூடியபோது, இக்போ இனத்தவரான நம்டி அசிக்கிவேயின் என்.சி.என்.சி. கட்சி தன் பக்கம் இருப்பதாக எண்ணிய பலர், யொரூபா இனத்தவரான ஒபாஃபெமி அவொலொவோவின் ஆக்ஷன் குரூப் கட்சியின் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். இபாடான் மக்கள் கட்சியின் ஆறு பேரில் ஐந்து பேர் அப்படிப் போனார்கள். அடெகோகே அடெலாபு மட்டும் அசிக்கிவேயோடு நின்றார். போனவர்கள் முதலில் என்.சி.என்.சி.காரர்களே இல்லை, அதனால் இது தாவலே இல்லை என்று ஆக்ஷன் குரூப் தரப்பு சொல்லும். இந்த வாக்குவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. அசிக்கிவே மேற்கை விட்டுக் கிழக்குப் பிராந்தியத்துக்குப் போய் அங்கே பிரதமரானார். இனவாரி அரசியலுக்கு அன்றுதான் பிள்ளையார் சுழி போட்டார்கள் என்று சொல்பவர்கள் அங்கே நிறையப் பேர்.

சரி, சிக்கலுக்கு வருவோம். 'கட்சித் தாவல்' என்றதும் தமிழ் வாசகரின் மனம் நேராகத் தாவல் தடைச் சட்டத்துக்குப் போகும். தாவினால் பதவி போய்விடும் என்று எண்ணும். 'கவர்னர்' என்ற சொல்லோ அதைவிட மோசமாக வழி தவற வைக்கும். நம் ஆளுநர் டெல்லி நியமித்து அனுப்புகிறவர், பதவியில் இருக்கும்வரை கட்சிக்காரராக நடந்துகொள்ளக் கூடாதவர். நைஜீரியாவின் 36 மாநிலங்களிலும் கவர்னர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நான்கு ஆண்டுப் பதவி, அதிகபட்சம் இரண்டு முறை. நிதி அவர் கையில், அமைச்சரவை அவர் கையில், பெரும்பாலும் மாநிலக் கட்சியும் அவர் கையில். ஆளுநர் என்றே எழுதுங்கள், தவறில்லை. முதல் முறை எழுதும்போது 'தேர்ந்தெடுக்கப்பட்ட மாநில ஆளுநர்' என்று எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொரு விதியும் உண்டு. அந்நாட்டு அரசமைப்பின்படி சுயேச்சையாக நிற்க முடியாது, ஒரு கட்சி நிறுத்தியே ஆக வேண்டும். ஆகவே சொந்தக் கட்சி கதவை மூடினால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்கு எடோ மாநில கவர்னராக இருந்த காட்வின் ஒபசேகியை விட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. தெற்கே எடோ மாநிலம், தலைநகர் பெனின் சிட்டி. இபாடான் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, லத்தீன் செவ்வியல் படித்தவர். பங்குச்சந்தை, முதலீட்டு வங்கி என்று தொழில் செய்தவர். அஃப்ரின்வெஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர். அன்றைய கவர்னர் ஆடம்ஸ் ஓஷியோமோலே, தொழிற்சங்கத் தலைவராக நாடறிந்தவர், இவரை மாநிலப் பொருளாதாரக் குழுவின் தலைவராக்கினார். 2016இல் தன் வாரிசாகவும் நிறுத்தினார். கட்சி ஏ.பி.சி. (ஆல் புரோகிரெசிவ்ஸ் காங்கிரஸ்), சின்னம் துடைப்பம். எதிரே பி.டி.பி.யின் (பீப்பிள்ஸ் டெமாக்ரடிக் பார்ட்டி) ஒசாகி இசே-இயாமு, சின்னம் குடை. ஒபசேகிக்கு 3,19,483 வாக்கு, இசே-இயாமுவுக்கு 2,53,173.

குருவுக்கும் சீடருக்கும் விரைவிலேயே முட்டிக்கொண்டது. 2019இல் மாநில சட்டமன்றம் கூடியபோது தேர்வானவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பதவியேற்கவே இல்லை. ஓஷியோமோலே அப்போது ஏ.பி.சி.யின் தேசியத் தலைவர். 2020 ஜூனில் கட்சியின் வேட்பாளர் பரிசீலனைக் குழு, கல்விச் சான்றிதழ்களில் குறை இருப்பதாகச் சொல்லி, பதவியில் இருக்கும் கவர்னரையே உட்கட்சித் தேர்தலிலிருந்து நீக்கியது. ஒரு வாரத்தில் அவர் பி.டி.பி.யில். ஏ.பி.சி. சார்பில் நின்றது யார் என்கிறீர்கள்? அதே இசே-இயாமு! அவர் 2019இலேயே பி.டி.பி.யை விட்டு வந்திருந்தார். 2016இல் யாரைத் தோற்கடிக்க ஓஷியோமோலே ஊர் ஊராகப் போனாரோ, 2020இல் அவருக்காகவே வாக்குக் கேட்டார். துடைப்பம் பிடித்தவர் கையில் குடை, குடை பிடித்தவர் கையில் துடைப்பம்.

அப்படியானால் கொள்கை? ஒபசேகியின் 2020 தேர்தல் அறிக்கைக்கு 'மெகா' என்று பெயர், எடோவை மீண்டும் உயர்த்துவோம் என்பதன் சுருக்கம். டிரம்பின் 'மாகா'விலிருந்து எடுத்த பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருந்தது ஏ.பி.சி.யில் இருந்தபோது அவர் தொடங்கிய வேலைகளின் தொடர்ச்சிதான். 2018இல் தொடங்கிய எடோபெஸ்ட் திட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட் கொடுத்து, அன்றன்றைய பாடத்தை அதில் பார்த்து நடத்தச் சொன்னார்கள். அந்தத் திட்டம் துடைப்பத்தின் கீழ் பிறந்து குடையின் கீழ் தொடர்ந்தது. இசே-இயாமு 'சிம்பிள்' என்று ஒரு அறிக்கை வைத்தார். பாதுகாப்பு, உள்கட்டமைப்பு, வேலைவாய்ப்பு என்று அதிலும் அதே சரக்குதான். இரண்டின் அட்டையையும் மாற்றி ஒட்டினாலும் பலருக்குத் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம். மக்கள் வாயில் நின்றது அறிக்கைகள் இல்லை, 'எடோ நோ பி லேகோஸ்' என்ற பிட்ஜின் (நைஜீரியக் கலப்பு ஆங்கில) முழக்கம்: எடோ ஒன்றும் லேகோஸ் இல்லை. லேகோஸிலிருந்து கட்சியை ஆட்டிவைப்பதாகச் சொல்லப்பட்ட லேகோஸ் முன்னாள் கவர்னர் போலா டினுபுவுக்கு விடுத்த சவால் அது. ஒபசேகி 3,07,955 வாக்கு வாங்கி வென்றார், எதிராளிக்கு 2,23,619.

ஜூனில் கட்சி மாறியபோது அவருடைய கவர்னர் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. நைஜீரிய அரசமைப்பில் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் தாவினால் இடம் காலியாகும், கட்சி பிளவுபட்டாலோ வேறு கட்சியோடு இணைந்தாலோ விதிவிலக்கு. கவர்னருக்கு அப்படி ஒரு பிரிவே இல்லை. 2022 மார்ச்சில் தலைநகர் அபுஜாவில் நீதிமன்றம் ஒன்று, குடையிலிருந்து துடைப்பத்துக்குப் போன எபோன்யி மாநில கவர்னர் டேவிட் உமாஹியை வாக்குகள் கட்சிக்குச் சொந்தம் என்று சொல்லிப் பதவி நீக்கியது. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. உமாஹி பதவிக்காலத்தை முழுதாக முடித்தார்.

வாக்கு கட்சிக்குத்தான் என்ற வாதத்துக்கு ஒரு முன்கதை உண்டு. ரொட்டிமி அமேச்சி ரிவர்ஸ் மாநிலத்தில் பி.டி.பி.யின் உட்கட்சித் தேர்தலில் வென்றும் கட்சி அவரை மாற்றி இன்னொருவரை நிறுத்தியது. 2007 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மக்கள் வாக்களித்தது கட்சிக்கு, கட்சியின் முறையான வேட்பாளர் அமேச்சி என்று சொல்லி, தேர்தலில் நிற்காதவரையே கவர்னர் ஆக்கியது. அதே அமேச்சி 2013 நவம்பரில் வேறு நான்கு கவர்னர்களோடு ஏ.பி.சி.க்குப் போனார். நாற்காலியும் கூடவே போனது.

ஆகவே 'கட்சித் தாவல்' என்றே எழுதலாம். கவர்னர் தாவினால் 'பதவியோடு கட்சி மாறினார்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் விஷயம் முழுதாகும். 'கம்பளம் கடந்தார்' வேண்டாம், தமிழில் அது ஒன்றும் சொல்லாது. 'பல்டி' பேச்சை மாற்றுகிறவருக்குத்தான் பொருந்தும். நைஜீரியப் பத்திரிகைகள் 'டிகேம்ப்' என்றும் எழுதும், பாசறையைக் கிளப்பிக்கொண்டு போவது என்ற படைச்சொல் அது. அதற்கு நம் 'முகாம் மாறினார்' அச்சாகப் பொருந்துகிறது, வசை நெடியும் குறைவு.

ஒபசேகியோடு 2020இல் முகாம் மாறிய துணை கவர்னர் பிலிப் ஷைபு, பின்னால் அவரோடு மோதி, 2024இல் மறுபடி ஏ.பி.சி.யில் சேர்ந்தார். இதற்கும் தமிழில் சொல் தயாராக இருக்கிறது: தாய்க்கட்சிக்குத் திரும்பினார்.