நிலைகொள்ளாத எண்: மாதவிடாய் நிற்கும் பருவமும் ஹார்மோன் பரிசோதனையும்

நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருவருக்கு இரண்டு மாதங்களாக மாதவிடாய் வரவில்லை, இரவில் திடீரென்று உடல் கொதித்து வியர்த்துக் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரத்தப் பரிசோதனை செய்கிறார், எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவு 42 என்று அறிக்கை வருகிறது. மெனோபாஸ் வந்துவிட்டது என்று அவர் மனத்தைத் தேற்றிக்கொண்ட சில வாரங்களில் மாதவிடாய் வந்துவிடுகிறது. மறுபடி பரிசோதித்தால் அதே எஃப்.எஸ்.எச். 9. ஆய்வகம் எதையும் தவறாகச் செய்துவிடவில்லை. இரண்டு எண்களும் அந்தந்த நாளில் உண்மையானவையே.

இது எப்படி நேர்கிறது என்பதற்குச் சினைப்பையின் கணக்கைப் பார்க்க வேண்டும். பெண் குழந்தை பிறக்கும்போது இரு சினைப்பைகளிலுமாகச் சுமார் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. பூப்பெய்தும் வயதில் அது 3 அல்லது 4 லட்சமாகக் குறைந்துவிடுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் எஞ்சுவது ஏறத்தாழ ஆயிரம். ஒவ்வொரு முட்டையும் ஃபாலிக்கிள் என்னும் நுண்பைக்குள் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, இந்த நுண்பைகளை வளரத் தூண்டுவதற்காக அந்த எஃப்.எஸ்.எச். ஹார்மோனை அனுப்புகிறது. வளரும் நுண்பைகளோ இன்ஹிபின்-பி, எஸ்ட்ராடியோல் (ஈஸ்ட்ரோஜனின் முதன்மை வடிவம்) ஆகிய இரண்டு ஹார்மோன்களையும் சுரந்து, ‘போதும்’ என்று பிட்யூட்டரிக்குத் தெரிவிக்கின்றன. நுண்பைகள் குறையக் குறைய முதலில் இன்ஹிபின்-பி சரிகிறது. கடிவாளம் தளர்வதால் எஃப்.எஸ்.எச். ஏறுகிறது.

அது சீராக ஏறிக்கொண்டே போயிருந்தால் ஒரு பரிசோதனையே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் மிகுந்த எஃப்.எஸ்.எச். எஞ்சியிருக்கும் நுண்பைகளை விரட்டி வேலை வாங்குகிறது. சில மாதங்களில் அவை அளவுக்கு மீறிப் பதில் கொடுப்பதால், எஸ்ட்ராடியோல் இளம் வயதில் இருந்ததைவிடவும் அதிகமாகச் சுரந்து, மார்பகங்களில் வலியும் மிகுந்த உதிரப்போக்கும் உண்டாகலாம், அப்போது எஃப்.எஸ்.எச். தணிந்துவிடும். வேறு சில மாதங்களில் எந்த நுண்பையும் அசைவதில்லை. எஸ்ட்ராடியோல் சரிய, எஃப்.எஸ்.எச். உச்சிக்குப் போகிறது. இந்தப் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் என்று பரவலாக வரையப்படும் சித்திரம் அவ்வளவு சரியானதல்ல. நிலையான சரிவு கடைசி மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் ஊசலாட்டம்.

எண் பிறக்கும் இடத்தையும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எடுத்த ரத்தம் உறைந்தபின் குழாயைச் சுழற்றினால், மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் தனியாகத் தெளிந்து நிற்கும். எஃப்.எஸ்.எச். பெரிய மூலக்கூறு என்பதால், குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்பொருள்கள் இரண்டு அதை இருபுறமிருந்தும் பிடித்துக்கொள்ள முடியும்: ஒன்று நுண்ணிய காந்தத் துகளோடு பிணைக்கப்பட்டிருக்கும், மற்றொன்று ஒளி உமிழும் அடையாளத்தைச் சுமந்திருக்கும். ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு மிஞ்சும் ஒளியை அளந்தால், ஒளி கூடுதலாக இருக்கும் அளவுக்கு ஹார்மோனும் கூடுதல். எஸ்ட்ராடியோலோ இரண்டு எதிர்பொருள்களுக்கு இடம்தர முடியாத அளவுக்குச் சிறியது. எனவே அடையாளமிட்ட எஸ்ட்ராடியோலைக் கலந்து, இருக்கும் சில எதிர்பொருள்களுக்காக அதையும் ரத்தத்தில் உள்ளதையும் போட்டியிட விடுகிறார்கள்; இங்கே ஒளி குறைந்தால்தான் ஹார்மோன் அதிகம். அளக்கப்படுவது மில்லிலிட்டருக்கு இத்தனை பிக்கோகிராம் என்ற அளவில். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மெனோபாஸுக்குப் பிந்தைய மிகத் தாழ்ந்த அளவுகளில் இந்த முறை தடுமாறுவதால், நுட்பம் தேவைப்படும் இடங்களில் மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறை நிறமாலை முறையை நாடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையான பொறியும் உண்டு. பல கருவிகளில் எதிர்பொருளைத் துகளோடு பிணைப்பது பயோட்டின் என்ற வைட்டமின். அன்றாடத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம்தான். முடி கொட்டுவதற்காக விற்கப்படும் மாத்திரைகளிலோ 5,000 முதல் 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் அந்த மிகுதி கருவியின் பிணைப்பைக் கெடுப்பதால், எஃப்.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் எஸ்ட்ராடியோல் பொய்யாக உயர்ந்தும் தெரியக்கூடும், அதாவது மெனோபாஸுக்கு நேர் எதிரான தோற்றம். முடி மெலியத் தொடங்குவதும் இந்த மாத்திரைகளைத் தேடுவதும் பெரும்பாலும் இதே வயதில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் பயோட்டின் பற்றிப் பொதுவாகவே எச்சரித்தது. கூட்டுக் கருத்தடை மாத்திரையின் கதை வேறு: அங்கே அளவீடு சரியாகவே இருக்கும், ஆனால் மாத்திரையே பிட்யூட்டரியை அடக்கி வைத்திருப்பதால் எண்ணுக்குப் பொருள் இராது.

இவற்றையெல்லாம் கருதியே, இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டி, 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு இப்பருவத்தை உறுதிசெய்ய எஃப்.எஸ்.எச். பரிசோதனை வேண்டாம் என்றது. வயது, அறிகுறிகள், மாதவிடாயின் போக்கு ஆகியவையே போதும். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அதுவே மெனோபாஸ். இப்பருவத்துக்கென 2011இல் வல்லுநர்கள் கூடி வகுத்த படிநிலைகளும் மாதவிடாயையே முதன்மையாகக் கொள்கின்றன: அடுத்தடுத்த சுழற்சிகளின் நீளம் 7 நாட்களோ அதற்கு மேலோ மாறுபடுவது திரும்பத் திரும்ப நேர்ந்தால் மாற்றத்தின் தொடக்கம், 60 நாட்களோ அதற்கு மேலோ மாதவிடாய் வராதிருந்தால் அதன் பிற்பகுதி. எஃப்.எஸ்.எச். 25ஐத் தாண்டுவது அங்கே துணைச் சான்று மட்டுமே.

நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் தடுமாறும் பெண்ணுக்கோ பரிசோதனை இன்றியமையாதது. சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்துவிட்டால் எலும்பும் இதயமும் பல ஆண்டுகள் ஈஸ்ட்ரோஜனின் காப்பை இழக்கின்றன. சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு முறை எஃப்.எஸ்.எச். பார்ப்பது நெடுநாள் வழக்கம். கருப்பை அகற்றப்பட்டு சினைப்பை மட்டும் இருப்பவருக்கும் மாதவிடாய் என்ற அடையாளம் இல்லாததால், இந்த எண் ஓரளவு கைகொடுக்கும்.

ஏ.எம்.எச். எனப்படும் இன்னொரு ஹார்மோன் சிறு நுண்பைகளிலிருந்து சுரப்பதால், மாதத்தின் எந்த நாளிலும் அதிகம் மாறாது. அதனாலேயே ‘மெனோபாஸ் எப்போது’ என்று கணித்துச் சொல்வதாக அது விளம்பரப்படுத்தப்படுகிறது. குழுவாகப் பார்த்தால் அதன் சரிவு ஒழுங்கானது. ஒரு தனிப் பெண்ணுக்கு ஆண்டைக் குறித்துக் கொடுக்கும் துல்லியம் அதற்கு இல்லை. எஃப்.எஸ்.எச்., ஏ.எம்.எச். போன்ற இந்தப் பரிசோதனைகளைவிட, தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனையும் எளிய கர்ப்பப் பரிசோதனையும் பலருக்குக் கூடுதல் பயன் தரும் என்பது என் எண்ணம். படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை, தள்ளிப்போகும் மாதவிடாய் ஆகியவை தைராய்டு மிகுதியிலும் வரும், எஃப்.எஸ்.எச். 42 காட்டிய பெண்ணுக்கு அடுத்த மாதமே முட்டை வெளிப்பட்டுக் கருத்தரிக்கவும் கூடும்.

மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பவருக்குப் பரிசோதனை தேவையென்றால், அது தொடங்கிய 2ஆம் நாள் முதல் 5ஆம் நாளுக்குள் எடுப்பது வழக்கம். எஸ்ட்ராடியோலையும் உடன் பார்ப்பார்கள், ஏனெனில் அது உயர்ந்திருந்தால் எஃப்.எஸ்.எச். பொய்யாகத் தாழ்ந்து காட்டும். ரத்தம் எடுப்பவரிடம் கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியையும், முடிக்காக விழுங்கும் மாத்திரை உட்பட எல்லா மருந்துகளின் பெயரையும் சொல்லி, படிவத்தில் எழுதச் செய்துவிடுங்கள்.