அன்னாசிப் பால் ஏன் கசக்கிறது?

மத்தியானம் அடித்து வைத்த அன்னாசிப் பால் ஜூஸ் பின்னேரம் ஏன் கசக்கிறது, பழமும் பாலும் சேர்ந்தால் நஞ்சா என்று உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நஞ்சே இல்லை. அந்தப் பயத்தில் பிள்ளைகளுக்கு நல்ல பானம் ஒன்று கிடைக்காமல் போவதுதான் வருத்தம்.

சமைக்காத அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதியம் இருக்கிறது. புரதத்தை வெட்டுவது அதன் தொழில். பாலிலுள்ள பீட்டா கேசீன் என்ற புரதம் 209 அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அவற்றில் லியூசின், பினைல்அலனின் போன்று தண்ணீரோடு ஒட்டாத மணிகள் நிறைய. நாக்கின் கசப்பு உணரிகளுக்குப் பிடித்தவை அவைதான். ஆனால் முழு மாலை அந்த உணரிக்குள் நுழையாது. ஆகவே பால் கசப்பதில்லை. புரோமெலைன் அதைச் சிறு துண்டுகளாக அறுத்ததும் துண்டுகள் உணரியில் கச்சிதமாகப் போய் உட்காருகின்றன. கசப்பு பிறக்கும் இடம் அதுதான். ஒரு வெட்டோடு நொதியம் தீர்ந்துபோவதும் இல்லை. அடுத்த மாலையைப் பிடிக்கும். கச்சான் காற்று வீசும் ஆடி வெக்கையில் வேகம் இன்னும் கூடும். பிரிட்ஜ் அதை மந்தமாக்கும், நிறுத்தாது. பப்பாசியின் பப்பெயினும் இதே இனம். பழுக்கப் பழுக்கக் குறையும்.

நொதியத்தை அழிக்கச் சூடு வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடு போதாது, அது நொதியத்துக்கு உற்சாகம்தான். 150 கிராம் அன்னாசியைச் சுண்டுவிரல் நுனியளவு நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மூடி, ஆவி வந்தபின் ஐந்து நிமிடம் வையுங்கள். துண்டு பெரிதானால் நடுப்பகுதி வேகாது, கசப்பு திரும்பி வரும். நன்றாக ஆறியபின் 400 மில்லிலீற்றர் குளிர்ந்த பாலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடியுங்கள். சூடாக ஊற்றினால் பால் திரையும். அது நொதியத்தின் குற்றமல்ல, அன்னாசியின் புளிப்பும் சூடும் கூடிச் செய்வது.

வேகவைத்ததில் விற்றமின் சி கொஞ்சம் போகும். ஈடுகட்ட, கடைசியில் அரைக் கொய்யாவை அரைத்து, விதை வடித்துச் சேர்க்கலாம். 100 கிராம் கொய்யாவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்கிறது, அன்னாசியில் 50 கூட இல்லை. மாம்பழம் சேர்த்தால் அதன் கரோட்டினை உடல் உறிஞ்சப் பாலின் கொழுப்பு உதவும். சீனி தேவையில்லை.